பஸ் பயணமா, பக்கத்துப் பட்டறையா, வழிகாட்டியா?

முன்னாள் மாணவர்கள் கொஞ்சம் பணம் சேர்த்து, "நம்ம ஸ்கூல் பசங்களுக்கு வேலை உலகத்தைக் காட்டணும்" என்று உட்கார்ந்தால் முதலில் வருகிற யோசனை பஸ்தான். ஒரு பஸ் பிடித்து, ஒன்பதாம் வகுப்பு மொத்தத்தையும் ஏற்றி, பெரிய கம்பெனி ஒன்றைச் சுற்றிக் காட்டிவிட்டு வந்துவிடலாம். உடனே இன்னொருவர், "ஒரு நாள் பார்த்து என்ன ஆகப்போகுது? ஆளுக்கொரு பிள்ளையை எடுத்துக்கிட்டு நாமளே வழிகாட்டலாம்" என்பார். பேச்சு அதோடு இரண்டாகப் பிரிந்துவிடும்.

திருப்பூர், கோவைப் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்கு இப்படிப்பட்ட ஏற்பாடுகளில் உதவி செய்து வருவதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. ஆசிரியர்கள் கேட்கிறார்கள், பள்ளி மேலாண்மைக் குழுவினர் கேட்கிறார்கள், சில நேரம் கம்பெனி எச்ஆரிடமிருந்தே வருகிறது. பணம், ஆள், நேரம் மூன்றும் குறைவாக உள்ள பள்ளியை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எல்லாம் தாராளமாக இருக்கும் பள்ளி எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம்.

## எதை வைத்து அளப்பது?

"பிள்ளைகளுக்குப் பிடித்திருந்ததா" என்பதை அளவுகோலாக வைத்தால் பஸ் பயணம்தான் எப்போதும் ஜெயிக்கும். வகுப்பை விட்டு வெளியே போவது யாருக்குத்தான் பிடிக்காது? அதை ஓரமாக வைத்துவிடுவோம்.

நான் முதலில் பார்ப்பது, முடிந்த பிறகு பிள்ளைக்கு அடுத்த படி ஒன்று தெரிகிறதா என்பதை. நம் ஊரில் அந்தப் படி சீக்கிரமே வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த சில வாரங்களில் பிளஸ் ஒன்னில் எந்த குரூப், அல்லது பாலிடெக்னிக்கா, ஐடிஐயா என்று முடிவு செய்தாக வேண்டும். பயாலஜி இல்லாத குரூப்பை எடுத்த பிறகு கால்நடை டாக்டர் ஆசை வந்தால் என்ன செய்வது?

அடுத்தது, வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைக்கும் கேள்வி கேட்க இடம் இருக்கிறதா. அதற்கடுத்து ஆசிரியரின் சுமை. எமிஸ் பதிவு (மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றுவது), தேர்வுப் பணி, பயிற்சி என்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர் தலையில் இதுவும் ஏறுகிறது. ஆர்வமாகத் தொடங்கிய ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வில் போய்விட்டால் திட்டம் நிற்குமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு சட்டமும் பாதுகாப்பும். பணத்தைக் கடைசியில்தான் வைப்பேன். நல்ல ஏற்பாடுகளில் பெரும்பாலானவை மலிவானவை.

## பஸ் ஏற்றிப் பெரிய ஆலைக்கு

பனியன் கம்பெனிக்குள் அறுபது பிள்ளைகள் போவதை எடுத்துக்கொள்வோம். நிட்டிங், கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று வரிசையாக நடத்திக் கூட்டிப்போவார்கள். விளக்குபவர் முன்னால் நின்று கத்திக்கொண்டிருப்பார். மெஷின் சத்தத்தில் பத்தாவது பிள்ளைக்குப் பின்னால் ஒன்றும் கேட்காது. பார்ப்பதில் பாதி அவர்களுக்குத் தெரிந்ததுதான். அம்மா செக்கிங்கில் இருப்பார், மாமா கட்டிங் மாஸ்டராக இருப்பார்.

அவர்களுக்குத் தெரியாதது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஆர்டரைக் கவனிக்கும் மெர்சண்டைசர், லேப் டிப் எனப்படும் மாதிரிச் சாயத் துணித் துண்டுகளை லைட் பாக்ஸுக்குள் வைத்து, பையர் (துணி வாங்கும் கம்பெனி) கேட்ட நீலத்தோடு இது ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து அறையில் ஒருவர் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போட்டு, துணி வீணாகாமல் அளவுகளை அடுக்குவார். ஒரு சட்டைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஸ்டாப் வாட்ச் பிடித்துக் கணக்குப் போடும் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர் இருப்பார். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதற்குப் பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் நிலையங்கள் இல்லாமல் இந்தத் தொழிலே கிடையாது. அங்கே கெமிஸ்ட்ரி படித்தவர்கள் வேலை செய்கிறார்கள் என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் நிறைய. ஏற்றுமதி நிறுவனங்களுக்கு வெளிநாட்டு பையர்களின் ஆடிட் என்ற சோதனை உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மெஷின் பக்கத்தில் நிற்பது போல ஒரு போட்டோ இருந்தாலே கேள்வி வரும். அதனால் பல இடங்களில் மறுத்துவிடுவார்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்வார்கள். அன்றைக்கு மெஷின்கள் சும்மா நிற்கும். ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், பாதிப் பிள்ளைகள் செருப்பில் வந்திருப்பார்கள். கல்வி அலுவலரின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், கூட வருவதற்கு ஆசிரியை, சாப்பாடு. அப்புறம் திரும்பும் வழியில் "திருமூர்த்தி அணைக்கும் போயிட்டு வந்துடலாமே" என்று யாராவது கேட்பார்கள். மறுநாள் கட்டுரையில் முக்கால்வாசி அணையைப் பற்றித்தான் இருக்கும்!

அதற்காக பஸ் பயணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் எங்குமே பார்க்க முடியாததைக் காட்டுவதற்கு அதுதான் வழி. மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆரின் ஆய்வகங்கள், அதன் நிறுவன நாளான செப்டம்பர் 26ஐ ஒட்டி மாணவர்களுக்குக் கதவு திறப்பது வழக்கம். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமும் சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பள்ளி மாணவர்களை ஆய்வகங்களோடு இணைக்க 2017 முதல் ஜிக்யாசா என்ற திட்டமும் இருக்கிறது. வெள்ளைக் கோட்டு போட்ட விஞ்ஞானியை நேரில் பார்க்க ஒரு பஸ் வாடகை தாராளமாகத் தரலாம்.

யாரும் யோசிக்காத இன்னொரு இடம் அரசு ஐடிஐ. டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளில் ரோபோ, கம்ப்யூட்டரில் இயங்கும் சிஎன்சி மெஷின்கள் வந்திருக்கின்றன. "மார்க் வாங்காதவன் போற இடம்" என்ற எண்ணம் ஒரு மணி நேரத்தில் ஆட்டம் காணும். ஆடிட் தொல்லையும் அங்கே இல்லை.

எங்கே போனாலும் கம்பெனியிடம் முன்கூட்டியே ஒன்று கேளுங்கள்: மெஷின்களைக் குறைவாகக் காட்டினாலும் பரவாயில்லை, மூன்று ஆட்களை ஆளுக்கு இருபது நிமிடம் கொடுங்கள், பதினைந்து பதினைந்து பேராக உட்கார்ந்து பேசுகிறோம் என்று.

## நாலு பேராக, நடந்துபோகிற தூரத்தில்

என்னைக் கேட்டால் ஒன்பதாம் வகுப்புக்கு இதுதான். மூன்று அல்லது நான்கு பிள்ளைகள், ஒரு பணியிடம், ஒன்றோ இரண்டோ நாள். கால்நடை மருந்தகம், கூட்டுறவு வங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்தின் லேப், பிளக்ஸ் அடிக்கும் கடை, லேத் பட்டறை, மெடிக்கல் ஷாப், துணை மின் நிலையம், ஆடிட்டர் ஆபீஸ். ஒரு சின்ன டவுனில் இவை எல்லாமே உண்டு. ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் 1998 முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஐந்து நாள் உள்ளூர்க் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பி வருகிறார்கள். அங்கே அது மாகாணம் முழுவதற்குமான ஏற்பாடு. நாம் ஒரு நாளில் தொடங்கலாம்.

ஆடிட்டர் ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 20ஆம் தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவதற்காகக் கடைக்காரர்கள் மஞ்சப்பையில் பில்களைத் திணித்துக் கொண்டுவந்து வைப்பார்கள். ஜூனியர் ஒருவர் ஒவ்வொன்றாகப் பிரித்து, எண்ணைத் தட்டி, இரண்டு ரூபாய் வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருப்பார். ஒரு மாணவி அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க என்ன குரூப்?" என்று கேட்டாள். காமர்ஸ் என்று பதில் வந்ததும் அவள் முகத்தில் ஒரு குழப்பம். மார்க் குறைந்தவர்கள்தான் காமர்ஸ் எடுப்பார்கள் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். சிஏ பவுண்டேஷன் தேர்வை பிளஸ் டூ முடித்ததும், எந்த குரூப்காரரும் எழுதலாம் என்பதையும் அந்த அக்காதான் சொன்னார். இதே தகவல் போஸ்டரில் இருந்திருந்தால் அவள் நின்று படித்திருக்க மாட்டாள்.

இனி இதன் செலவுகள். அறுபது பிள்ளைகள் என்றால் பதினைந்து இடங்கள் வேண்டும். பதினைந்து முதலாளிகளிடம் பேச வேண்டும், அதில் ஐந்து பேர் கடைசி நேரத்தில் "அடுத்த வாரம் பார்த்துக்கலாம் சார்" என்பார்கள். ஆசிரியர் தலையில் இதைக் கட்டினால் திட்டம் ஓராண்டில் செத்துப்போகும். வண்டி வைத்திருக்கும், ஊரில் நாலு பேரைத் தெரிந்த முன்னாள் மாணவர் ஒருவர் இதை ஏற்றுக்கொள்ள வேண்டும். சேர்த்த பணத்தில் அவருடைய பெட்ரோலுக்குக் கொடுங்கள்.

சட்டத்தில் கவனம் தேவை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதற்குத் தடை. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களுக்குத் தடை. ஒன்பதாம் வகுப்பில் இந்த இரண்டு வயதுப் பிரிவினரும் கலந்து இருப்பார்கள். ஆகவே பார்க்கலாம், கேட்கலாம், நோட்டில் எழுதலாம், அவ்வளவுதான். பில் போடச் சொல்வது, கடையைப் பெருக்கச் சொல்வது எதுவும் கூடாது. பள்ளிக் கடிதம், பள்ளி நேரம், அடையாள அட்டை, நடுவில் ஒருமுறை வந்து எட்டிப் பார்க்கும் ஆசிரியர் ஆகியவை கட்டாயம். பட்டாசு, சாயம், ரசாயனம் பக்கமே போக வேண்டாம். பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்கு (துணி மடித்துக் கொடுக்கும் உதவி வேலை) பிள்ளைகளை அனுப்பிய காலம் இந்த ஊர்ப் பெற்றோரின் நினைவில் இருக்கிறது. அவர்கள் சந்தேகப்படுவதில் தவறில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கடைக்காரருக்குப் பையனைப் பிடித்துப்போய், "லீவுல வா, சம்பளம் தர்றேன்" என்பார். வீட்டில் கஷ்டம் இருந்தால் லீவு முடிந்தும் அவன் திரும்பமாட்டான். படிப்பு நின்றுபோக நாமே வாசல் திறந்துவிட்டது போல ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு முதலாளியிடமும் முன்பே பேசி, வேலைக்குக் கூப்பிட மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். லேத் பட்டறைக்கு அனுப்பினாலும், டிப்ளமோ முடித்துவிட்டு சிஎன்சி ஓட்டுபவரைப் பிள்ளைகள் சந்திக்கும்படி பாருங்கள். டிப்ளமோவுக்குப் பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதை அவர் வாயால் கேட்பது வேறு.

## பள்ளிக்கு ஒருவரை அழைத்துப் பேசவைப்பது

செலவே இல்லை, அனுமதித் தொல்லையும் இல்லை. பயனும் அந்த அளவுக்குத்தான். மைக் பிடித்தவர் தன் கஷ்டத்தைச் சொல்வார், "கனவு காணுங்கள்" என்பார், பொன்னாடை போர்த்துவோம். ஒரு திருத்தம் செய்தால் இதையும் காப்பாற்றலாம். ஒரே நாளில் ஆறு பேரை வரவழைத்து ஆறு மரத்தடியில் உட்காரவைத்து, பத்துப் பத்துப் பிள்ளைகளாகச் சுற்றி வரச்செய்யுங்கள். பேச்சு கிடையாது, கேள்விக்குப் பதில் மட்டும். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவும் பிள்ளைகளுக்கு அனுமதி கொடுங்கள்.

## ஆளுக்கொரு வழிகாட்டி

சொல்லும்போது இதுதான் அழகாக இருக்கும். நடத்துவதில் இதைவிடக் கஷ்டமானது இல்லை.

அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்ற அமைப்பு தன்னார்வலர்களைப் பிள்ளைகளோடு ஒருவருக்கு ஒருவராக நெடுங்காலமாக இணைத்து வருகிறது. அதன் தரவுகளை வைத்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஓராண்டு அல்லது அதற்கு மேல் நீடித்த உறவுகளில்தான் அதிகப் பலன் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளில், வழிகாட்டியே கிடைக்காத பிள்ளைகளைவிட அந்தப் பிள்ளைகளின் தன்மதிப்பு குறைந்திருந்தது. பாதியில் விட்டுவிட்டுப் போவதால் லாபம் இல்லாமல் போவதோடு நிற்பதில்லை, பிள்ளைக்கு அடியும் விழுகிறது. "என்கிட்ட என்ன குறை?" என்றுதான் அது யோசிக்கும்.

நம் தன்னார்வலர்கள் யார் என்றும் பாருங்கள். பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ சாஃப்ட்வேரில் இருப்பவர்கள். மனசு நல்லது. ஆனால் ஆன்சைட் என்று வெளிநாடு போவார்கள், கல்யாணம் ஆகும், புராஜெக்ட் மாறும். அவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் என்பதால் இருபது பிள்ளைகளுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸையே சொல்வார்கள். பிள்ளையிடம் இருப்பது அப்பாவின் போன், அப்பா வேலைக்குப் போயிருப்பார்.

பாதுகாப்பைப் பற்றிக் கூச்சப்படாமல் பேச வேண்டும். தெரியாத ஒரு பெரியவரையும் பதினைந்து வயதுப் பிள்ளையையும் தனியாகப் பேசவிடுகிறோம். சந்திப்பு பள்ளி வளாகத்தில் மட்டும், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நடக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் தனிச் செய்தி கிடையாது, ஆசிரியரும் இருக்கிற குழுவில்தான் எல்லாம். பணமோ பரிசோ கொடுக்கக் கூடாது. 1098 (குழந்தைகள் உதவி), 14417 (பள்ளிக் கல்வி உதவி) ஆகிய இரண்டு எண்களும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் பற்றி ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்க மறுக்கும் தன்னார்வலர் நமக்கு வேண்டாம்.

இன்னொன்று. அறிமுகப் பேச்சில் "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்பது நம்மவர்களுக்குப் பழக்கம். கேட்பவர் சாதாரணமாகக் கேட்டிருக்கலாம். தெருப் பெயர் எதைச் சொல்லிவிடும் என்று பிள்ளைக்குத் தெரியும், அதோடு அது வாயை மூடிக்கொள்ளும். பயிற்சியில் முதலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு இது யாருக்கு? வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகப்போகிற, பேசிப் பார்க்க யாருமே இல்லாத பிளஸ் டூ பிள்ளைகளுக்கு. வகுப்புக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். ஓராண்டு நிச்சயம் இருப்பேன் என்கிற நாலைந்து பெரியவர்கள் கிடைத்தால் அவர்களுக்கு மட்டும் செய்யுங்கள். ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர், நர்ஸ், வங்கி மேலாளர் ஆகியோர் இதற்கு சாஃப்ட்வேர்காரர்களைவிடப் பொருத்தமானவர்கள். ஊரிலேயே இருக்கிறார்கள், நேரம் இருக்கிறது, விண்ணப்பம் பூர்த்தி செய்வது கைவந்த கலை.

## ஒரு வழிகாட்டி, ஐந்து பிள்ளைகள்

ஒருவருக்கு ஒருவர் முறையின் சிக்கல்களில் பாதி இதில் இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை, பள்ளியில், இரண்டு பெரியவர்கள், எட்டிலிருந்து பத்துப் பிள்ளைகள். ஒருவர் வர முடியாவிட்டால் மற்றவர் இருப்பார். ஜூலையில் தொடங்கி பிப்ரவரியில் முடிகிறது என்று முதல் நாளே சொல்லிவிடுவதால் கைவிட்டார்கள் என்ற எண்ணமும் வராது. தனியாகக் கேட்கக் கூச்சப்படும் பிள்ளை, பக்கத்துப் பிள்ளை கேட்பதைக் கேட்டே கற்றுக்கொள்ளும்.

இங்கே பேச வேண்டியது ஊக்கப் பேச்சு அல்ல. தகவலுக்கும் குறைவில்லை. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் படிப்புகள் பற்றிய விவரம் கொட்டிக் கிடக்கிறது, பிளஸ் டூவுக்குக் கல்லூரிக் கனவு நிகழ்ச்சி இருக்கிறது. அதையெல்லாம் இந்தப் பிள்ளையின் நிலைமைக்குப் பொருத்திச் சொல்ல ஆள் வேண்டும். உதாரணத்துக்கு, மருத்துவம், இன்ஜினியரிங் போன்ற தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையை "நீட்டுக்கு நல்லா கோச்சிங் தர்றாங்க" என்று தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்தால் அந்த வாய்ப்பு போய்விடும். இதை ஜூன் மாதத்துக்கு முன்பே பெற்றோரிடம் சொல்லும் ஒரு பெரியவர் பத்து ஊக்கப் பேச்சுக்குச் சமம். முதல் பட்டதாரி, வருமான, சாதிச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்க வைப்பதும் அப்படித்தான்.

செலவு டீ, பிஸ்கட். ஆசிரியர் சனிக்கிழமை வர வேண்டியிருக்கிறது என்பதுதான் இதன் உண்மையான விலை. முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளாவிட்டால் நாலாவது மாதம் நின்றுவிடும்.

## ஒரே பார்வையில்

| வழி | பிள்ளைக்குக் கிடைப்பது | கண்ணுக்குத் தெரியாத செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|
| பஸ் பயணம் | பிரமிப்பு, கொஞ்சம் அறிமுகம் | அனுமதி, ஆடிட் தயக்கம், ஒரு நாள் வகுப்பு | ஆய்வகம், அரசு ஐடிஐ போல உள்ளூரில் இல்லாத இடம் |
| நாலு பேராக உள்ளூரில் | ஒரு வேலையின் நாள், நேரடிக் கேள்வி | ஒருங்கிணைப்பாளரின் அலைச்சல், வேலைக்கு இழுக்கப்படும் ஆபத்து | ஒன்பதாம் வகுப்பு |
| பள்ளியில் பேச்சு | பெயர் தெரிந்த சில வேலைகள் | பெரிதாக இல்லை | மற்றவற்றுக்கு முன்னோட்டமாக |
| ஆளுக்கொரு வழிகாட்டி | ஆழமான துணை | பாதியில் விட்டால் பாதிப்பு, பாதுகாப்புக் கண்காணிப்பு | துணையில்லாத சில பிளஸ் டூ பிள்ளைகள் |
| குழு வழிகாட்டி | படிவம், தேதி, சான்றிதழ், அடுத்த படி | ஆசிரியரின் சனிக்கிழமைகள் | பத்தாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை |

## சரி, உங்கள் பள்ளிக்கு எது?

பணம் இருக்கிறது, ஆள் இல்லை என்றால் பஸ்ஸில் போட வேண்டாம். அதே பணத்தில் உள்ளூர்ப் பணியிடங்களை ஏற்பாடு செய்ய ஒருவருக்கு ஓராண்டு போக்குவரத்துச் செலவும் கொஞ்சம் மதிப்பூதியமும் கொடுங்கள்.

ஆட்கள் இருக்கிறார்கள், எல்லாரும் வெளியூர் என்றால் வீடியோ காலில் ஒருவருக்கு ஒருவர் தொடங்காதீர்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, பள்ளியின் ஹைடெக் லேபில் ஆசிரியர் முன்னிலையில், மாதம் ஒரு முறை குழுவோடு பேசவிடுங்கள். பிளஸ் ஒன் வகுப்பு இதற்குத் தோதானது. 2025இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டதால் அந்த ஆண்டில் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது.

மலையிலோ கடலோரத்திலோ ஒரே தொழில் மட்டும் உள்ள ஊர் என்றால் என் வரிசை மாறும். அங்கே நாலு பேராக அனுப்ப நாலு விதமான இடங்கள் கிடைக்காது, பஸ்தான் முதலில். மாவட்டத் தலைநகருக்குப் போய் ஒரே நாளில் மருத்துவமனை லேப், ஐடிஐ, வங்கி மூன்றுக்கும் பிள்ளைகளைப் பிரித்து அனுப்பிவிட்டு மாலையில் ஒன்றாகக் கூட்டி வரலாம்.

பணமும் இல்லை, ஆர்வமுள்ள ஒரே ஒரு ஆசிரியர் மட்டும் என்றால், அறுபது பேருக்கும் செய்ய நினைக்காமல் நாலு இடம், பதினாறு பிள்ளைகள் என்று ஆரம்பிக்கலாம். முதல் ரேங்க் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அவர்களை எல்லாப் போட்டிக்கும் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். காலாண்டுத் தேர்வுக்கு முன்னால், ஆகஸ்டில் முடித்துவிடுங்கள். தீபாவளி நெருங்கினால் எந்தக் கடைக்காரருக்கும் பிள்ளைகளிடம் பேச நேரம் இருக்காது.